எம்.ஜி.ஆரின் இடது காது

ஒரு நிமிஷம் உங்க இடது காதை விரலால் நல்லா அடைச்சுக்குங்க. ரூம்மேட்டைப் பின்னாடி எங்கேயாவது நின்று உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. பேர் கேட்கும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருதுன்னு சட்டென்று சொல்ல முடியாது. திரும்பித் திரும்பித் தேடுவீங்க. போன வருஷம் ஜனவரியிலிருந்து நான் அப்படித்தான் தேடிக்கிட்டிருக்கேன். 1967 ஜனவரியிலிருந்து சாகும்வரை எம்.ஜி.ஆரும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார்.

அவரோடு என்னை ஒப்பிடுறதா நினைச்சுச் சிரிக்காதீங்க. சேலத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் அறையில், டெஸ்ட் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தப்போ, சுவரில் மாட்டியிருந்த பட்டத்தைப் படிச்சேன். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். நம்ம ஊர்ப் பக்கம் எந்த கிளினிக்குக்குப் போனாலும் அந்தப் பேர் சுவரில் இருக்கும், யாரும் கவனிக்கிறதில்லை. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. ஒரு பக்கக் காது போன மனுஷனோட பேருக்குக் கீழே உட்கார்ந்து, என் காது போச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்கக் காத்திருந்தேன்.

எங்க ஊர் எடப்பாடி. தறிச் சத்தம் கேட்காத தெரு எங்க ஊரில் குறைவு. அப்புச்சி நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டினவர், எம்.ஜி.ஆர். ரசிகர். அவருக்கும் காது மந்தம்தான். ஆனா அது ஒரு நாளில் போனதில்லை. வருஷக்கணக்கா, கொஞ்சம் கொஞ்சமா, நாடா அடிக்கிற அடியில் தேய்ஞ்சு போனது. தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிஞ்சுக்குவாங்க. அவர் டிவியில் எம்.ஜி.ஆர். படம் பார்க்கிறதும் பாதி அப்படித்தான். சின்ன வயசில் அவர்தான் எனக்கு ஒரு விஷயம் காட்டினார். எம்.ஜி.ஆருக்கு ரெண்டு குரல் உண்டு. குண்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அதை அப்போ ஏதோ ரசிகர் மன்றக் கதைன்னு நினைச்சு விட்டுட்டேன்.

கதையை முதலில் இருந்தே சொல்றேன். நம்மில் பாதிப் பேருக்கு எம்.ஜி.ஆர். என்றால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மீம்ஸும்தான்.

மருதூர் கோபாலமேனன் ராமச்சந்திரன் பிறந்தது 1917 ஜனவரி 17, இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டி. குழந்தையாக இருக்கும்போதே அப்பா கோபாலமேனன் இறந்துவிட்டார். அம்மா சத்யபாமா, சக்கரபாணி, ராமச்சந்திரன் என்ற ரெண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார். வறுமை. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. பையன்கள் ரெண்டு பேரும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்று பேர். அங்கே சாப்பாடு கிடைக்கும், அதுதான் முக்கியக் காரணம்.

பாய்ஸ் கம்பெனி எப்படி என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி பேசவும் பாடவும் வேண்டும். பையன்களுக்குப் பதினாலு பதினஞ்சு வயசில் குரல் உடையும். மகரக்கட்டு என்பார்கள். அது உடைந்தால் அதுவரை கிடைத்த வேஷம் கிடைக்காது. அந்த வயசுப் பையனுக்குக் குரல்வளை பெருசாகி, குரல் நாண் நீளமாவது இயற்கை; ஆனால் கம்பெனியில் அது வேலை போகிற மாதிரி. தொண்டைதான் சோறு என்பது அந்தப் பையன்களுக்கு ரொம்பச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

சினிமாவில் முதல் படம் 1936ல், எல்லிஸ் டங்கன் இயக்கிய சதிலீலாவதி. சின்ன வேஷம். கதாநாயகனாக வர இன்னும் பதினோரு வருஷம் ஆயிற்று, 1947ல் ராஜகுமாரி. இந்தப் பதினோரு வருஷத்தை நான் ஒரு வரியில் தாண்டிட்டேன், அவர் அப்படித் தாண்டியிருக்க மாட்டார். கேம்பஸ் இன்டர்வியூவில் ரெண்டு கம்பெனி கை விரிச்சதுக்கே நாம் மெஸ்ஸில் சாப்பிடாமல் கிடக்கிறோம்.

அப்புறம் நம்ம ஊர்ப் பக்கம் வந்தார். ஏற்காடு போகிற ரோட்டில் பழைய வளைவு ஒண்ணு தனியா நிற்கும், பைக்கில் போகும்போது எல்லாரும் அங்கே நின்று போட்டோ எடுப்பீங்க. அது மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல். டி.ஆர். சுந்தரம் நடத்திய ஸ்டூடியோ. 1950ல் வந்த மந்திரிகுமாரி, அடுத்த வருஷம் சர்வாதிகாரி, 1956ல் அலிபாபாவும் 40 திருடர்களும், மூன்றும் அந்த ஸ்டூடியோவின் படங்கள். அலிபாபாதான் தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். மந்திரிகுமாரிக்கு வசனம் கலைஞர் கருணாநிதி. அந்தக் காலப் படங்களில் வசனம் என்றால் மூச்சு விடாமல் ஒரு பக்கம் பேச வேண்டும். யூடியூபில் அதைப் போட்டுக் கேளுங்க. தெளிவான, வேகமான, ஒரு எழுத்துகூட வழுக்காத குரல். அதைக் காதில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வேண்டியிருக்கும்.

1958ல் சொந்தமாகத் தயாரித்து, இயக்கி, ரெட்டை வேஷத்தில் நடித்த நாடோடி மன்னன். 1959ல் சீர்காழியில் நாடக மேடையில் சண்டைக் காட்சியில் கால் முறிந்தது. இனி ஓட, குதிக்க முடியாது என்று பேசினார்கள். எழுந்து வந்தார். 1965ல் எங்க வீட்டுப் பிள்ளை. அதற்குள் தி.மு.க.வில் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது, மேடைப் பேச்சும் சேர்ந்துகொண்டது. 1966 முடியும்போது, தமிழ்நாட்டில் அதிகம் பேர் காசு கொடுத்துப் பார்த்த முகமும் கேட்ட குரலும் அவருடையதுதான் என்று சொன்னால் பெரிசாகத் தப்பு இருக்காது.

1967 ஜனவரி 12, வியாழக்கிழமை. பொங்கலுக்கு ரெண்டு நாள் இருந்தது. மறுநாள் தாய்க்குத் தலைமகன் ரிலீஸ். பிப்ரவரியில் சட்டமன்றத் தேர்தல், எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதி வேட்பாளர். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் அவருடைய ராமாவரம் தோட்டத்து வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நடிகவேள் எம்.ஆர். ராதா. இன்னொருவர் போன மாதம் வெளிவந்த பெற்றால்தான் பிள்ளையா படத்தின் தயாரிப்பாளர் வாசு. ராதாவும் எம்.ஜி.ஆரும் பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள், ராதா வயசில் பத்து வருஷம் மூத்தவர். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது ராதா துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டு எம்.ஜி.ஆரின் இடது காதை ஒட்டி நுழைந்தது. அடுத்து ராதா தன்னையே சுட்டுக்கொண்டார். ஏன், எதற்கு, பணமா அரசியலா, வழக்கில் என்ன நடந்தது என்பதெல்லாம் தனிக் கதை. நீதிமன்றம் ராதாவைக் குற்றவாளி என்று சிறைக்கு அனுப்பியது. நான் அந்தக் கதைக்குள் போகப் போவதில்லை, எனக்கு வேண்டியது காது.

இந்த இடத்தில் உங்க கையை எடுத்து இடது காது மடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் வையுங்க. ரெண்டு விரல் அகலம் இருக்குமா? அந்தச் சின்ன இடத்துக்குள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய தமனி போகிறது. மூளையிலிருந்து ரத்தம் இறங்குகிற பெரிய சிரை போகிறது. முகத்தை அசைக்கிற நரம்பு அங்கேதான் மண்டையை விட்டு வெளியே வருகிறது. நாக்கை அசைக்கிற நரம்பு, விழுங்க வைக்கிற நரம்பு, குரல் நாணுக்குப் போகிற நரம்பு எல்லாம் அதே பக்கம். கொஞ்சம் உள்ளே கழுத்து எலும்பின் முதல் வளையம், அதற்குள் தண்டுவடம். நம்ம டிபார்ட்மென்ட் பாஷையில் சொன்னால், இவ்வளவு முக்கியமான ஒயரிங் எல்லாவற்றையும் ஒரே டக்ட்டில் கொண்டுபோகிற டிசைனை எந்த இன்ஸ்பெக்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

குண்டு அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து கழுத்து எலும்பின் மேல்முனைப் பக்கம் போய் நின்றது. பெரிய தமனி அறுந்திருந்தால் சில நிமிஷத்தில் முடிந்திருக்கும். அறுபடவில்லை, அது அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டம் அதோடு சரி. கழுத்துக்குள் ரத்தம் கசிந்தால் அது வெளியே போக வழியில்லாமல் வீங்கி மூச்சுக்குழாயை நெரிக்கும். வாய் வழியாக வடிகிற ரத்தம் நுரையீரலுக்குள் இறங்கும். காயம் பட்ட ஆள் பேசிக்கொண்டு, நடந்துகொண்டுகூட இருப்பார். அரை மணி கழித்து மூச்சு நிற்கும். கழுத்துக் காயத்தில் ஆபத்தே இதுதான், முதலில் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும்.

அப்போ 108 கிடையாது. அது நம்ம மாநிலத்துக்கு வந்தது 2008ல். வீட்டில் இருந்தவர்கள் அவரைக் காரில் ஏற்றி நேரே ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள், அறுவை சிகிச்சை நடந்தது. சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்கள். ரெண்டு பேரும் அரசு மருத்துவர்கள் கையில் பிழைத்தார்கள். ராதா அதற்குப் பிறகு 1979 வரை இருந்தார். தலையிலும் கழுத்திலும் குண்டு பட்ட ரெண்டு பேரும் பிழைத்தது 1967ல் என்பதை யோசிங்க. சிடி ஸ்கேன் என்ற மெஷின் அப்போ உலகத்திலேயே கிடையாது.

இதையே வேறு மாதிரி பார்க்க ஒரு கதை இருக்கு. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். 1799 டிசம்பர் 14, விடியறதுக்கு முன்னாடி தொண்டை வலியோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்தார். அன்று இரவே இறந்துபோனார். யாரும் சுடவில்லை. தொண்டைக்குள் குரல்வளை மூடி வீங்கி மூச்சுப் பாதையை அடைத்திருக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவர்களில் பலர் சொல்கிறார்கள். மூன்று டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், லிட்டர் கணக்கில் ரத்தத்தை வடித்து எடுத்தார்கள், அந்தக் காலத்து வைத்தியம் அது. மூவரில் இளையவர் எலிஷா டிக் கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்யலாம் என்றார். பெரியவர்கள் ரெண்டு பேரும் சம்மதிக்கவில்லை. தொண்டை அடைத்தால் முதல் வேலை மூச்சுக்கு வழி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த வீக்கத்துக்குப் பெரும்பாலும் காரணமான கிருமிக்கு இப்போ தடுப்பூசி இருக்கிறது. 2011 டிசம்பரில் இருந்து கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் குழந்தைகளுக்குப் போடுகிற ஐந்து நோய்த் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறது. நம்ம பேட்ச் அதற்கு முந்தியது, அதனால் சொல்றேன்: எச்சில்கூட விழுங்க முடியாமல் வாயில் வழியுது, பேச்சு வாயில் சூடா உருளைக்கிழங்கை வெச்ச மாதிரி கேட்குது, மூச்சு இழுக்கும்போது கீச்சுன்னு சத்தம் வருதுன்னா, போனில் டார்ச் அடிச்சு வாயைத் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம். உட்கார்ந்த நிலையிலேயே வண்டியில் ஏத்துங்க.

சரி, ஜெனரல் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம். வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம். உள்ளே கழுத்தில் பெரிய கட்டோடு எம்.ஜி.ஆர். அந்தக் கட்டோடு எடுத்த போட்டோ தமிழ்நாடு முழுக்கச் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. எங்க ஊரில் தறிப்பட்டறைச் சுவரிலும் அது இருந்ததாக அப்புச்சி சொல்வார். தொகுதிப் பக்கம் ஒரு நாள்கூடப் போகாமல், படுக்கையிலிருந்தே ஜெயித்தார். தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, அண்ணா முதலமைச்சர் ஆனார். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகங்கள் வேகமாகத் தாண்டிப் போகிற விஷயம் ஒண்ணு உண்டு. அவர் வீட்டுக்கு வந்தபோது இடது காது பெரும்பாலும் போயிருந்தது. குரல் போயிருந்தது. பேச்சு வந்தது, ஆனால் நாக்கு வழுக்கியது, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூன்றாம் வகுப்பு படித்து, தொண்டையை வைத்தே மேலே வந்தவருக்கு ஐம்பது வயசில் தொண்டை இல்லை.

அந்த நிலைமையில் சுலபமான வழி ஒன்று இருந்தது. டப்பிங். நல்ல குரல் உள்ள யாரையாவது பேச வைத்திருக்கலாம், பாட்டுக்கு டி.எம்.எஸ். குரல் கொடுக்கிற மாதிரி. அவர் அதைச் செய்யவில்லை. பேசிப் பேசிப் பழகி, உடைந்த குரலோடேயே படத்தில் பேசினார். 1967 செப்டம்பரில் காவல்காரன் வந்தது. சுடப்படும் முன்பே ஆரம்பித்த படம் அது. அதனால் ஒரே படத்தில் ரெண்டு குரலும் இருக்கிறது. அப்புச்சி காட்டியது இதைத்தான். இந்த எழுத்துக்காக ஹாஸ்டலில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன், நல்ல காதில் மட்டும் இயர்பட் மாட்டிக்கொண்டு. ஒரு சீனில் பழைய மந்திரிகுமாரிக் குரல். இன்னொரு சீனில் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிற மாதிரி ஒரு குரல். நடுவில் பாட்டு வரும், டி.எம்.எஸ். குரலில் எம்.ஜி.ஆர். ஜம்முன்னு பாடுவார். பாட்டு முடிந்ததும் மறுபடியும் அந்தக் கதவுக் குரல். கதாநாயகனின் குரல் பாதியில் மாறியது தெரிந்தும் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1971ல் ரிக்‌ஷாக்காரன் படத்துக்குச் சிறந்த நடிகர் தேசிய விருது வாங்கியதும் அந்த ரெண்டாவது குரலோடுதான்.

இப்போ என் கதை. சின்னது, அவமானமானது.

போன வருஷம் ஜனவரி, ஆறாவது செமஸ்டர் ஆரம்பம். காலையில் எழுந்தப்போ இடது காது அடைச்ச மாதிரி இருந்தது. வலி இல்லை. உள்ளே பிரிட்ஜ் ஓடுற மாதிரி ஒரு ஙொய்ங். ராத்திரி தலைக்குக் குளிச்சேன், தண்ணி போயிருக்கும்னு நினைச்சேன். ரெண்டாம் நாள் அழுக்குன்னு நினைச்சு பட்ஸ் விட்டுக் குடைஞ்சேன். மூணாம் நாள் இயர்பட்ஸில் இடது பக்கம் ரிப்பேர்னு நினைச்சு வாரண்டி கார்டைத் தேடினேன். இதைச் சொல்ல வெட்கமா இருக்கு, ஆனா அதுதான் நடந்தது. இன்டர்னல் டெஸ்ட் இருந்தது, டாக்டர்கிட்ட போனா அரை நாள் போயிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மிச்சி பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி, ஆற வெச்சு, காதில் ரெண்டு சொட்டு விட்டாங்க. பாசத்தில் விட்டது, அவங்களைக் குத்தம் சொல்லவே மாட்டேன். அப்புச்சிதான் கண்டுபிடிச்சார். இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கார், நான் திரும்பவே இல்லை. உதட்டைப் பார்த்தே வாழ்ந்தவர் இல்லையா, எதிராளிக்குக் கேட்கலைன்னா உடனே தெரிஞ்சுடும். மறுநாள் பஸ்ஸில் சேலம். அன்னிக்கு பன்னிரண்டாம் நாள்.

டாக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வெச்சார். நம்ம பிசிக்ஸ் லேப் டியூனிங் ஃபோர்க் மாதிரியேதான், 512 ஹெர்ட்ஸ். சத்தம் எந்தப் பக்கம் கேட்குதுன்னு கேட்டார். வலது பக்கம்னேன். அவர் முகம் மாறினது எனக்குத் தெரிஞ்சது. வெறும் அழுக்கு அடைப்பா இருந்திருந்தா அடைச்ச பக்கமே சத்தம் அதிகமா கேட்டிருக்கணும். நல்ல பக்கம் கேட்டா, கோளாறு உள் காதிலோ நரம்பிலோ. இருபது செகண்ட் டெஸ்ட். பன்னிரண்டு நாள் நான் கூகுள் பண்ணிக்கிட்டிருந்தேன்.

அப்புறம் சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி ஆடியோகிராம். மூன்று நாளுக்குள் முப்பது டெசிபலோ அதுக்கு மேலோ கேட்கும் திறன் இறங்கினா அதைத் திடீர் நரம்புக் காதுகேளாமைன்னு எடுத்துக்குவாங்களாம். டெசிபல் லாக் ஸ்கேல், உங்களுக்குத் தெரியும். முப்பது டெசிபல்னா சத்தத்தின் சக்தி ஆயிரம் மடங்கு வேணும். எனக்கு அதைவிட அதிகமாகவே இறங்கியிருந்தது. பெரும்பாலும் காரணமே தெரியாது. மருந்து ஸ்டீராய்டு, மாத்திரையாகவும், தேவைப்பட்டா செவிப்பறை வழியா ஊசியாகவும். முதல் சில நாளில் ஆரம்பிச்சாதான் பலன் அதிகம், ரெண்டு வாரம் தாண்டினா வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். நான் அந்த விளிம்பில் போய் நின்னேன். கொஞ்சம் திரும்பி வந்தது, கீழ் ஸ்தாயி மட்டும். மிச்சம் வரலை, இனி வராது.

எம்.ஜி.ஆருக்குக் காதுக்குள்ளேயே குண்டு போனது. எவ்வளவு வேகமாகக் கொண்டுபோனாலும் அந்தக் காதைக் காப்பாற்றியிருக்க முடியாது. அந்த வேகம் அவருக்கு இருபது வருஷ ஆயுளைக் கொடுத்தது. எனக்கு உயிருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆஸ்பத்திரி பஸ் தூரத்தில். காதைக் காப்பாற்றியிருக்கலாம். நான் வாரண்டி கார்டு தேடிக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் எனக்கு இதெல்லாம் கண்ணில் படுது. பிராஜெக்ட் லேபில் சிஆர்2032 பட்டன் செல் டேபிள் முழுக்கச் சிதறிக் கிடக்கும், அதில் ரெண்டு பேண்ட் பாக்கெட்டில் வீட்டுக்கும் வரும். வீட்டில் குட்டித் தம்பி தங்கச்சி இருக்கிறவங்க ஒரு நிமிஷம் கேளுங்க. அந்த செல் மூக்கிலோ உணவுக் குழாயிலோ ஈரமான சதையில் மாட்டினா சர்க்யூட் பூர்த்தியாயிடும். எலக்ட்ரோலிசிஸ். நெகட்டிவ் பக்கம் காரம் உண்டாகி சதையை அரிக்கும், ரெண்டு மணி நேரம் போதும் ஆழமா புண்ணாக. ராத்திரி ஆயிடுச்சு காலையில பார்க்கலாம் என்கிற பேச்சே அதில் கிடையாது. காசு விழுங்கினதுன்னு நினைச்சுக் காத்திருந்தா எக்ஸ்ரேயில்தான் செல்னு தெரியும். காதில் எறும்போ பூச்சியோ புகுந்தா மட்டும் அம்மிச்சி எண்ணெய் சரி, செவிப்பறை ஓட்டை இல்லாதவங்களுக்கு. பூச்சி செத்து அடங்கும், எடுக்கிறது டாக்டர் வேலை. புளியங்கொட்டை, கடலைன்னா எண்ணெயும் வேண்டாம் தண்ணியும் வேண்டாம், ஊறிப் பெருத்துக்கும். அப்புறம் மூக்கில் ரத்தம் வந்தா ஹாஸ்டலில் எல்லாரும் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்றீங்க. ரத்தம் நேரா தொண்டைக்குள்ள போகும். குனிஞ்சு உட்கார்ந்து, மூக்கின் மெத்துன்னு இருக்கிற பாகத்தை விடாமல் பத்துப் பதினஞ்சு நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும். அப்படியும் நிக்கலைன்னா கிளம்பணும்.

தொண்டை விஷயத்தில் எல்லாமே மணிக்கணக்கு இல்லை. சில விஷயம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். எம்.ஜி.ஆரின் தலைவர் அண்ணாவுக்குப் புகையிலைப் பழக்கம் உண்டு. முதலமைச்சரான அடுத்த வருஷமே உணவுக் குழாயில் புற்றுநோய். 1968ல் நியூயார்க் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். 1969 பிப்ரவரி 3, காலமானார். தமிழ்நாட்டின் பெரிய பேச்சாளர், தொண்டைக்குக் கீழே வந்த நோயில் போனார்.

எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் தனிக்கட்சி ஆரம்பித்தார், 1977 ஜூன் 30ல் முதலமைச்சர் ஆனார். ஒரு காதோடு, வழுக்குகிற பேச்சோடு. 1982ல் சத்துணவுத் திட்டம். எங்க அம்மா அதில் சாப்பிட்டவங்க, அதனால் அதைப் பத்தி நான் விமர்சனமா எழுதினா வீட்டில் சோறு கிடைக்காது. 1984 அக்டோபரில் சிறுநீரகம் செயலிழந்து, பக்கவாதமும் வந்து அப்போலோவில் சேர்த்தார்கள். நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், டிசம்பரில் சிறுநீரக மாற்று. அதே மாதம் தேர்தல். ஆண்டிபட்டியில் நின்று, மறுபடியும் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பியபோது அந்த ரெண்டாவது குரலும் பெரும்பாலும் போயிருந்தது. பக்கவாதம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிந்திய கூட்டங்களின் வீடியோவைப் பார்த்தால் கையை அசைப்பார், கும்பிடுவார், ரெண்டு மூன்று வார்த்தை சொல்ல ரொம்பப் பாடுபடுவார். கூட்டம் கத்திக்கொண்டே இருக்கும். 1987 டிசம்பர் 24, விடியற்காலையில் இறந்தார்.

இறக்கும் வருஷத்தில் உயில் ஒன்று எழுதி வைத்திருந்தார். ராமாவரம் தோட்டம், அந்த 1967 ஜனவரி சாயங்காலம் குண்டு பாய்ந்த அதே வீடு இருக்கிற தோட்டம். அங்கே காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லமும் நடத்த வேண்டும் என்று அதில் இருந்தது. இன்றும் நடக்கிறது. மேல்நிலைப் பள்ளி.

இதைப் போன வாரம் அப்புச்சிகிட்ட சொன்னேன். அவருக்கு அது முன்னாடியே தெரியும். டிவியில் ஏதோ பழைய படம் ஓடிக்கிட்டிருந்தது, சத்தத்தைக் கூட்டி வெச்சிருந்தார். நான் கட்டிலில் அவருக்கு இடது பக்கமா மாறி உட்கார்ந்தேன், என் வலது காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி. அவருக்கு எந்தக் காதும் சரியில்லை, அதனால அவர் நகரலை.